மூன்று கிராமில் தொடங்கும் கணக்கு

தூண்டில் கடைக்குப் போனால், "என்ன மீனு, எத்தனை கிலோ வரைக்கும் பிடிக்கணும்?" என்றுதான் பேச்சு தொடங்கும். கடலுக்கும் பெரிய அணைகளுக்கும் அது சரியான கேள்வி. ஊர்க் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் ராடு வாங்குபவர் அதற்கு முன்பே வேறொரு கேள்விக்குப் பதில் தேடி வைத்திருக்க வேண்டும். நான் எத்தனை கிராமைத் தண்ணீரில் எறியப்போகிறேன்?

நம் ஏரி, கண்மாய்க் கரைகளில் தூண்டிலுக்கு அதிகம் அகப்படுபவை ஜிலேபி, சிறு கெண்டைகள், கெளுத்தி, குறவை ஆகியவை. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஜிலேபி 1952இல் இந்தியாவுக்கு வந்து, இன்று பல குளங்களை நிறைத்திருக்கிறது. இந்த மீன்களில் பெரும்பாலானவை ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும், வாயும் சிறியது. சிறிய வாய்க்குச் சிறிய முள்தான் பொருந்தும். அந்த முள்ளில் ஒரு மண்புழுத் துண்டு, மேலே ஒரு சின்ன ஈயம், ஒரு தக்கை; இல்லையென்றால் விரல்நக அளவுத் தகடு சுழலும் ஒரு ஸ்பின்னர். எல்லாம் சேர்ந்தாலும் 3 கிராம், மிஞ்சினால் 7 கிராம். இந்த எடையிலிருந்து தொடங்கி நரம்பு, ராடு, ரீல் என்று கையை நோக்கி வந்தால் ஒவ்வொரு தேர்வுக்கும் காரணம் கிடைக்கும். ரீலின் பளபளப்பில் மயங்கி மறுமுனையில் தொடங்குபவருக்கு எதுவும் எதோடும் பொருந்தாது.

எறிதலின் ஆற்றல்

3 கிராம் ஸ்பின்னர் ராடின் நுனியை விட்டுப் புறப்படும்போது அதன் வேகம் நொடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 0.6 ஜூல்தான். ஒரு கிலோ எடையை 6 செ.மீ. உயர்த்துவதற்கு ஆகும் ஆற்றல் இவ்வளவே. கடற்கரையில் 60 கிராம் ஈயத்தை அதே வேகத்தில் எறிபவரின் கையிருப்பு இதைப்போல இருபது மடங்கு. அவருக்கு வழியில் கொஞ்சம் உராய்வில் போனாலும் பாதகமில்லை. நமக்கு ஒவ்வொரு துளி இழப்பும் தூரத்தில் மீட்டர் கணக்கில் தெரியும்.

அந்த இழப்புகள் எங்கே நடக்கின்றன? முதலாவது காற்று. பொருள் சிறுத்தால் அதன் எடை குறைகிற அளவுக்கு அதன் முகப்பரப்பு குறைவதில்லை. அதனால் சிறிய இரையின் வேகத்தைக் காற்று சீக்கிரமே தின்றுவிடுகிறது. இரண்டாவது, பின்னால் இழுபட்டு வரும் நரம்பு. மூன்றாவது, ராடின் வளையங்களில் நரம்பு உரசுவது. நான்காவது, ரீலிலிருந்து நரம்பை வெளியே எடுக்க ஆகும் செலவு. காற்றை நம்மால் மாற்ற முடியாது. மற்ற மூன்றும் நம் தேர்வில் இருக்கின்றன.

நூற்பாலை கற்றுக்கொடுத்த ரீல்

ரீல்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்றில் நரம்பு சுற்றிய உருளையே சுழன்று நரம்பை விடும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள பாரிஸ் என்ற ஊரில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்த ரீல்கள் இந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற முன்னோடிகள். இன்று பெயிட்காஸ்டர் என்ற பெயரில் விற்பவை இவைதாம்.

சுழலும் உருளையில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரை பறக்க வேண்டுமானால் உருளையையும் அதே வேகத்துக்கு முடுக்க வேண்டும். நரம்போடு சேர்ந்து 20 கிராம் இருக்கும் ஓர் உருளை, அதன் சுழற்சி நிலைமத்தைக் கணக்கிட்டால், இரைக்குக் கிட்டத்தட்ட 10 கிராம் கூடுதல் சுமைபோல நடந்துகொள்ளும். 3 கிராம் இரை தன்னைப்போல மூன்று மடங்கை இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய நிலை அது. அதோடு முடிவதில்லை. காற்று இரையின் வேகத்தைக் குறைத்த பிறகும் உருளை பழைய வேகத்திலேயே சுழல்வதால், தேவைக்கு மேல் வெளிவந்த நரம்பு ரீலுக்குள்ளேயே சிக்கலாகிப் போகிறது. கட்டைவிரலால் உருளையைத் தொட்டுத் தொட்டு அடக்கும் பழக்கம் கைவந்தால் ஒழிய இதிலிருந்து தப்ப முடியாது. மிக இலேசான உருளை கொண்ட பெயிட்காஸ்டர்கள் இப்போது கிடைத்தாலும் விலை அதிகம். முதல் ரீலாக வாங்க ஏற்றவை அல்ல.

இதற்கான தீர்வு மீன்பிடிப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு தொழிலிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் கம்பளி ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். அங்கே ஆலை நடத்திவந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், 1905இல் உருளை சுழலாத ஒரு ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். நட்டு வைத்த நூற்கண்டின் தலைப்பக்கமாக நூலை இழுத்தால் கண்டு அசையாமல் நூல் மட்டும் கழன்று வரும். இல்லிங்வொர்த்தின் உருளையும் அப்படித்தான்: முன்னோக்கி நின்றது; நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்றது. இரை இப்போது முடுக்க வேண்டியது தன்னையும் தன் பின்னால் வரும் நரம்பையும் மட்டுமே. இன்று கடைகளில் ஸ்பின்னிங் ரீல் என்று வாங்குவது இந்த எண்ணத்தின் வாரிசுதான். 3 கிராமை எறியப்போகிறவருக்கு முதல் ரீல் இதுவே.

இதற்கும் தன் இழப்பு உண்டு. கழன்று வரும் நரம்பு உருளையின் விளிம்பில் உரசுகிறது. நரம்பைக் குறைவாகச் சுற்றியிருந்தால் ஒவ்வொரு வளையமும் விளிம்பின் மேல் ஏறித் தாண்ட வேண்டும்; எறியும் தூரம் குறையும். விளிம்பு முட்டச் சுற்றினால் வளையங்கள் கொத்தாகச் சரிந்து முடிச்சு விழும். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நிரப்புவது இரண்டுக்கும் நடுவான அளவு. ரீலின் அளவில் 1000 முதல் 2500 வரையிலான எண்கள் இலேசான வேலைக்குரியவை. 1000 எண் ரீலின் உருளை சிறியது. அதில் சுற்றிய நரம்பு சிறு சுருள்களாகப் பழகி, எறியும்போதும் சுருண்டபடியே வரும். அதனால் பொதுவான உபயோகத்துக்கு 2000 எண் ரீலே நல்ல சமரசம்.

நரம்பின் தடிமன்

1938இல் டூபாண்ட் நிறுவனம் நைலானை உலகுக்கு அறிவித்தது. பட்டு, பருத்தி, குதிரை முடி என்று பல நூற்றாண்டுகள் புழங்கிய தூண்டில் கயிறுகளை அது சில பத்தாண்டுகளில் ஓரங்கட்டியது. நாம் நரம்பு என்று வாங்குவது பெரும்பாலும் நைலான்தான்.

நரம்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கணிதத்தை நினைவில் வைக்க வேண்டும். நரம்பின் வலிமை அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது; வளைய மறுக்கும் விறைப்போ நான்மடியைப் பொறுத்தது. விட்டத்தை இரட்டித்தால் வலிமை 4 மடங்காகும், விறைப்பு 16 மடங்காகும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 0.40 மி.மீ. நரம்பைச் சுற்றினால் 3 கிராம் இரையால் அந்த விறைத்த சுருள்களை நிமிர்த்தி இழுத்துப் போகவே முடியாது. 0.16 முதல் 0.20 மி.மீ. வரையிலான நைலான் ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ இழுவையைத் தாங்கும். அரைக்கிலோ ஜிலேபிக்கு அது தாராளம். மீன் தண்ணீரில் மிதக்கும் உயிர் என்பதையும் மறக்கக் கூடாது. நரம்பு தாங்க வேண்டியது மீனின் எடையை அல்ல, அது ஓடும் வேகத்தில் தரும் இழுப்பை. கரைக்கு மேலே தூக்கும்போதுதான் முழு எடையும் நரம்பில் விழுகிறது. அந்த வேலைக்குக் கைவலை இருக்கிறது.

நைலான் அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட நீளும். இந்த நீட்சி மீனின் திடீர் உதறலைத் தாங்கிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவரின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். அதன் மறுபக்கம், 20 மீட்டர் தள்ளி நடக்கும் மெல்லிய கடி கைக்கு வரும்போது மங்கிவிடும். பின்னிய பாலிஎத்திலீன் இழை, கடையில் பிரெய்டு என்று கேட்டால் கொடுப்பது, மிகக் குறைவாகவே நீளும். அதே வலிமைக்கு நைலானின் பாதித் தடிமன்கூடத் தேவைப்படாது. மெல்லியது என்பதால் தூரமும் போகும். ஆனால் அது கல்லில் உரசினால் சட்டென்று அறும். காற்றடிக்கும்போது தளர்வாக விட்டால் அவிழ்க்க முடியாத சிக்கலாகும். முதல் வருடம் நைலான், கை பழகிய பிறகு பிரெய்டு என்பதே என் பரிந்துரை.

எந்த நரம்பானாலும் முடிச்சில்தான் பெரும்பாலும் அறும். முடிச்சை இறுக்கும்போது உராய்வில் பிறக்கும் சூடு நைலானைப் பலவீனப்படுத்துகிறது. இறுக்குவதற்கு முன் முடிச்சை நனைத்துக்கொள்வது சின்ன வேலைதான். அதன் பலன் பெரியது.

வளைவதே ராடின் தொழில்

ராடு ஒரு நெம்புகோல். அந்த நெம்புகோல் மீனின் பக்கம் சாய்ந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ராடின் அடியை முழங்கையில் ஊன்றி, அங்கிருந்து 30 செ.மீ. தள்ளி ரீலை ஒட்டிப் பிடித்திருக்கிறீர்கள். நுனி 2 மீட்டர் தொலைவில் இருக்கிறது. நுனியில் மீன் அரைக்கிலோ விசையோடு இழுத்தால் உங்கள் கை 3 கிலோவுக்கும் மேல் தாங்க வேண்டும். ராடு நன்றாக வளைந்து, விசை செயல்படும் தூரம் ஒரு மீட்டராகச் சுருங்கினால் சுமை பாதியாகிவிடும். வளைதல் ராடின் பலவீனம் அல்ல, மீனின் அனுகூலத்தைக் குறைக்கும் வழி.

அதே வளைவு ஒரு சுருள்வில்லும்கூட. மீன் தலையை உதறும்போது விசை ஒரே கணத்தில் நரம்பின்மேல் விழாமல், நுனி நகரும் அரை மீட்டர் தூரத்துக்குப் பரவுகிறது. எறியும்போதோ கை தரும் ஆற்றல் வளைந்த ராடில் சேர்ந்து, ராடு நிமிரும்போது இரைக்குப் போகிறது. 3 கிராமுக்குச் சற்றும் வளையாத ராடு, தன் பங்குக்கு எதையும் சேர்த்துத் தராது. தடித்த ராடில் சின்ன இரை காலடியிலேயே விழுவதற்குக் காரணம் இதுதான்.

ராடைப் பற்றி இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். பவர் என்பது வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைச் சொல்கிறது. அல்ட்ரா லைட் ராடுகள் பொதுவாக 1 முதல் 7 கிராம் வரையும், லைட் ராடுகள் 2 முதல் 10 கிராம் வரையும் எறிவதற்குரியவை. ஆக்‌ஷன் என்பது எங்கே வளைகிறது என்பதைச் சொல்கிறது. நுனி மட்டும் வளைந்து உடனே நிமிர்வது ஃபாஸ்ட். பாதி வரை வளைவது மாடரேட். ஃபாஸ்ட் ராடு கடியைத் தெளிவாகச் சொல்லும், முள்ளை உடனே ஏற்றும். மாடரேட் ராடு இலேசான இரையை நன்றாக எறியும், மெல்லிய நரம்பைக் காப்பாற்றும், மென்மையான வாயிலிருந்து முள் கிழித்துக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளும். 3 கிராமுக்கும் 0.18 மி.மீ. நரம்புக்கும் நான் மாடரேட் பக்கமே சாய்வேன்.

இந்தக் குணங்களைத் தீர்மானிப்பதில் பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. மூங்கிலின் வலுவான நார்கள் வெளிப்புறத்தில் அடர்ந்திருக்கும். குழாய் வளையும்போது அதிக இழுவிசை விழுவதும் அதே வெளிப்புறத்தில்தான். மேல்நாட்டுக் கைவினைஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து, ஆறு கீற்றுகளை ஒட்டி அறுகோண ராடு செய்தது இந்த நார்களை வேண்டிய இடத்தில் வைப்பதற்காகவே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழை வந்தது. 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வகத்தில் உறுதிமிக்க கார்பன் இழை தயாரிக்கும் முறை உருவாயிற்று. 1973இல் அமெரிக்காவின் ஃபென்விக் நிறுவனம் கார்பன் ராடுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

கண்ணாடி இழையின் விறைப்பு சுமார் 72 ஜிகாபாஸ்கல், அடர்த்தி 2.5. சாதாரணக் கார்பன் இழையின் விறைப்பு சுமார் 230, அடர்த்தி 1.8. எடைக்கு எடை ஒப்பிட்டால் கார்பன் நான்கு மடங்குக்கும் மேல் விறைப்பானது. பிசின் சேர்ந்து ராடான பிறகு இந்த வித்தியாசம் ஓரளவு குறைந்தாலும், கார்பன் ராடு எடை குறைவாகவும், நுனி ஆட்டம் சீக்கிரம் அடங்குவதாகவும், மெல்லிய அதிர்வைக் கைவரை கடத்துவதாகவும் இருக்கிறது. கண்ணாடி இழை இதில் பின்தங்கினாலும் முரட்டுக் கையாளலைத் தாங்கும். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், பாறையில் சாத்தி வைக்கும் சிறுவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

கார்பனோடு ஓர் எச்சரிக்கை சேர்ந்தே வர வேண்டும். அது மின்சாரத்தைக் கடத்தும். குளக்கரைகளில் தாழ்வாகப் போகும் மின்கம்பிகளுக்குக் கீழே ராடைத் தூக்கவே கூடாது. இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு விலக வேண்டும்.

எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ரீலின் தலையில் திருகும் டிராக் என்பது ஒரு பிரேக். மீன் குறிப்பிட்ட விசைக்கு மேல் இழுத்தால் உருளை வழுக்கி நரம்பைக் கொடுக்கும். பெட்டியில் "5 கிலோ டிராக்" என்று அச்சிட்டிருப்பது இலேசான வேலைக்குப் பயன்படாத எண். 2.5 கிலோ தாங்கும் நரம்புக்கு டிராக் அதன் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது 600 முதல் 800 கிராமில் வழுக்க வேண்டும். இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். வளையங்கள் வழியாக நரம்பைக் கோத்து, முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, ராடை உயர்த்துங்கள். பாட்டில் மேலே வராமல் டிராக் மெல்ல வழுக்கினால் சரி. வளையங்களின் உராய்வும் சேர்ந்தே அளக்கப்படுவதால் இந்த அளவை நம்பலாம்.

டிராக்கில் பார்க்க வேண்டியது அது எவ்வளவு வலிமையானது என்பதைவிட எவ்வளவு சீராக வழுக்குகிறது என்பதுதான். நிலையாக இருக்கும் பரப்புகளின் உராய்வு, நகரும் பரப்புகளின் உராய்வைவிட அதிகம். மட்டமான டிராக் முதலில் ஒட்டிக்கொண்டு, பிறகு குதித்து விடும். அந்த ஒட்டிக்கொள்ளும் கணத்தில்தான் மெல்லிய நரம்பு அறுகிறது. இன்னொன்றும் உண்டு. உருளையில் நரம்பு குறையக் குறைய அதன் ஆரம் சுருங்குவதால், திருகைத் தொடாமலே இழுவை கூடும். ஆரம் 20 மி.மீ.லிருந்து 15 மி.மீ.க்கு இறங்கினால் இழுவை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். நீண்ட ஓட்டத்தில் டிராக்கைச் சற்றுத் தளர்த்த வேண்டும் என்ற பழக்கம் இதனால் வந்தது.

ஆக ஒரு தூண்டிலில் எல்லாப் பகுதியும் வலுவாக இருந்தால் போதும் என்று எண்ணுவது தவறு. விட்டுக்கொடுக்கும் வரிசை ஒன்று இருக்க வேண்டும். முதலில் ராடின் நுனி வளைய வேண்டும், அடுத்து டிராக் வழுக்க வேண்டும், அதற்கு வெகுதூரம் அப்பால் முடிச்சின் எல்லை, அதற்கும் அப்பால் நரம்பின் எல்லை, கடைசியில்தான் ராடு ஒடியும் எல்லை. இந்த வரிசை குலைந்தால் விலையுயர்ந்த ரீலாலும் பயனில்லை.

வாங்கும்போது

குளக்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் பொதுவாக ஒரே ராடு போதும் என்றால் 6 முதல் 6½ அடி நீளம், லைட் பவர், இரண்டு துண்டாகக் கழற்றக்கூடியது, 2 முதல் 10 கிராம் என்று பிடிக்கு மேலே அச்சிட்டிருப்பது. அதில் 2000 எண் ஸ்பின்னிங் ரீல், 0.18 அல்லது 0.20 மி.மீ. நைலான். மரங்கள் கவிந்த சிற்றோடைகளுக்கு 5 அடி அல்ட்ரா லைட் வசதியானது. தக்கை போட்டுப் பிடிப்பவர்கள் தக்கை, ஈயம், இரை மூன்றின் மொத்த எடையைக் கணக்கில் எடுக்க வேண்டும். தாமரைக்கும் ஆகாயத் தாமரைக்கும் நடுவே தவளை உருவச் செயற்கை இரை போட்டு விரால் பிடிக்க இந்த ராடு உதவாது. செடிக்குள் புகுவதற்கு முன் விராலை இழுத்து வெளியேற்றக் கனமான ராடும் பிரெய்டும் வேண்டும்.

கடையில் ராடை ரீலோடு பொருத்தி, ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள். நுனி பக்கம் தொங்கினால் மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை இழுத்துப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, அது நரம்பை அறுக்கும். வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, துண்டுகள் ஆட்டமில்லாமல் பொருந்துகின்றனவா என்று கவனியுங்கள். ரீலில் கைப்பிடி ஆட்டம், நரம்பை உருளையில் சுற்றிவிடும் பெயில் கம்பி மூடும் உறுதி, டிராக் வழுக்கும் சீர் ஆகியவற்றைச் சோதியுங்கள். பேரிங் எத்தனை என்ற எண்ணிக்கைக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

மீனின் பக்கம்

இலேசான கருவி என்றால் முடிந்த அளவு இலேசானது என்று பொருளல்ல. நரம்பு தேவைக்கு மேல் மெலிந்தால் போராட்டம் நீளும். நீண்ட போராட்டத்தில் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. வெயில் காலத்தில் சூடேறிய குளத்து நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைவு. அப்போது திரும்ப விட்ட மீன் நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பிறகு இறந்துபோகக்கூடும். விடப்போகும் மீனைச் சீக்கிரம் கரைசேர்த்து, ஈரக்கையால் பிடித்து, தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட வேண்டும். ஊர்க்குளங்கள் பலவும் மீன் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைதாரரைக் கேட்காமல் தூண்டில் போடக் கூடாது.

அறுந்த நைலான் துண்டு பல ஆண்டுகள் மட்காது. கொக்கின் காலிலும் நீர்க்காகத்தின் சிறகிலும் அது சுற்றிக்கொண்டால் அந்தப் பறவையால் இரை தேட முடியாது. கத்தரித்த ஒவ்வொரு துண்டும் பையில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். தண்ணீருக்குள் அறுபடும் நரம்பை நாம் பொறுக்கி எடுக்க முடியாது. அது முள்ளோடு மீனின் வாயிலேயே போய்விடுகிறது. பொருந்தாத ராடு, நனைக்காமல் இறுக்கிய முடிச்சு, ஒட்டிக்கொள்ளும் டிராக் இவற்றுக்கான விலையை அப்போது கொடுப்பது மீன்தான். எடையையும் தடிமனையும் இழுவையையும் கணக்குப் பார்த்துக் கருவியைத் தேர்வது, பிடிக்கப்போகும் உயிருக்கு நாம் செய்ய வேண்டிய முதல் கடமை.